துணைநூல் பட்டியலில் பெரிய மாமா

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அடிக்குறிப்பு போடுவது என்பது, திருடியவனே வந்து தன் கைரேகையை ஒட்டிவிட்டுப் போவது என்று நான் இருபது வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். 'இது இன்னார் சொன்னது' என்று கீழே எழுதினால், 'அப்போ நீ சொன்னது எங்கப்பா?' என்று தேர்வாளர் கேட்பார். எழுதாமல் விட்டால் எல்லாம் நம் மண்டையில் விளைந்தது என்று நினைத்துக்கொள்வார். இந்த ஞானத்தோடு நான் எழுதிய எம்.ஃபில். ஆய்வேட்டில், நூற்றிருபது பக்கத்துக்கு ஓர் அடிக்குறிப்புகூடக் கிடையாது. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சொந்தச் சரக்கு போலிருக்கே!" என்றார். நான் தலை குனிந்துகொண்டேன். அடக்கம் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஆளைத்தான், மாணவர்கள் காப்பி அடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ராஜபாளையத்தில் எங்கள் கல்லூரி தேர்ந்தெடுத்தது.

தேர்ந்தெடுத்தது என்றால் பெரிய வார்த்தை. ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர், "யாரு இதை எடுத்துக்கிடுதீங்க?" என்று கேட்டார். உடனே எல்லோரும் குனிந்து தங்கள் கைபேசியைப் பார்த்தார்கள். என் கைபேசி பக்கத்து அறையில் சார்ஜில் கிடந்தது. நிமிர்ந்திருந்த ஒரே தலை என்னுடையது.

"ரொம்ப சந்தோசம் சார்," என்றார் முதல்வர். "முதுகலைப் பிள்ளைக ப்ராஜெக்ட் எல்லாத்தையும் புது சாஃப்ட்வேர்ல போட்டுப் பாருங்க. முப்பது சதவீதத்துக்கு மேல வேற எதோடயாவது ஒத்துப்போச்சுன்னா கையெழுத்துப் போடாதீங்க. விசாரணைக் கமிட்டிக்கு அனுப்பிருங்க. அதுக்கு முன்னாடி, ஆதாரம் எப்படிக் காட்டணும்னு அதுகளுக்கு ஒரு வகுப்பு எடுத்திருங்க."

எனக்கே தெரியாததை எடுப்பதற்கு ஒரு நாள் அவகாசம். இணையத்தில் தேடிப் படித்தேன். பெயருக்குப் பின் காற்புள்ளியா முற்றுப்புள்ளியா, ஆண்டு அடைப்புக்குள்ளா வெளியிலா என்று பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருந்தார்கள். தலை சுற்றியது. மூடி வைத்துவிட்டு, நம்ம ஊர் வழியிலேயே போய்விடலாம் என்று வகுப்புக்குள் நுழைந்தேன்.

"ஏலே, காலையில பஜார்ல ஒரு வம்பு கேட்டா, வீட்டுல வந்து எப்படிச் சொல்லுவ?" என்று முன்வரிசைப் பையனிடம் கேட்டேன்.

"எங்க பால்காரரு சொன்னாரு சார். அவருக்கு டீக்கடையில ஒருத்தரு சொன்னாராம். நேத்து சாயங்காலம்."

"பாத்தியா! யாரு சொன்னது, எங்க சொன்னது, எப்பச் சொன்னது. மூணும் வந்துருச்சு. ஆதாரம் காட்டுறதுன்னா இதுதான்யா."

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப வம்புக்கு இம்புட்டு ஒழுங்கு இருக்கு, படிப்புக்கு ஒண்ணும் கிடையாதா சார்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். நூலகத்தில் இருந்த என் ஆய்வேடு மட்டும் சிரித்திருக்காது.

பாடம் பிடிபட்டுவிட்டது என்ற மிதப்பில் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "துணைநூல் பட்டியல்னா என்னன்னு நெனைக்கீங்க? கல்யாணப் பத்திரிகை மாதிரி. அதுல ஒரு பேரு விட்டுப்போச்சுன்னா என்ன ஆகும்?" என்றேன்.

"மாமா பந்தியில உக்கார மாட்டாரு சார்!" என்று மொத்த வகுப்பும் கத்தியது.

"அதேதான். உதவி செஞ்ச ஒருத்தர் பேரும் விடப்படாது."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது என்று நினைத்தபடி வெளியே வந்தேன். எவ்வளவு தெளிவு என்பது இரண்டு வாரம் கழித்து ப்ராஜெக்டுகள் வந்து சேர்ந்தபோது தெரிந்தது. ஒருவன் பட்டியலின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டு, குலதெய்வம் துணை என்று எழுதியிருந்தான். இன்னொருவன் உயிரோடில்லாத நூலாசிரியர்களுக்கெல்லாம் 'தெய்வத்திரு' சேர்த்திருந்தான். ஓர் இணையதளத்துக்கு 'திரு' போட்டிருந்தது. ஒரு பட்டியல் 'சுற்றமும் நட்பும்' என்று முடிந்தது. எதிலும் பெயர்கள் அகரவரிசையில் இல்லை. வயது வரிசையில், முறை வரிசையில் நின்றன. பெரியவர்கள் மேலே, சின்னவர்கள் கீழே.

ஒரு புதன்கிழமை, தளவாய்புரத்திலிருந்து வந்து படிக்கும் மாணவி தன் ப்ராஜெக்டைக் கொண்டுவந்தாள். பொருள், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாத் தொழில். என் ஆய்வேட்டின் பொருளும் அதுவேதான். அப்போதே எனக்கு லேசாக வேர்த்தது.

"வெள்ளிக்கிழமை கடைசி நாள் சார். பி.எட். சீட்டு கெடச்சிருக்கு. உங்க கையெழுத்து இல்லைன்னா ஒரு வருசம் போயிரும்," என்றாள்.

துணைநூல் பட்டியலைத் திறந்தேன். முதல் பெயர்: பெரிய மாமா, தளவாய்புரம்.

"இவரு என்ன உதவி பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"பொறவு எதுக்கும்மா இங்க இருக்காரு?"

"நீங்கதான சார் சொன்னீக, பேரு விடப்படாதுன்னு. அவிய ஏற்கெனவே அக்கா சடங்குல கோவிச்சுக்கிட்டுப் போனவுக. இதுலயும் விட்டா எங்கம்மாவால சமாளிக்க முடியாது."

இரண்டாவது பெயர் பெரிய மாமாவின் மனைவி. மூன்றாவது சின்ன மாமா. அதோடு சிரித்துவிட்டு ஏட்டை மூடினேன். நான்காவது வரியிலிருந்து நான் படிக்கவில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் போனதும் ப்ராஜெக்டைச் சாஃப்ட்வேரில் ஏற்றினேன். செத்த நேரம் சுற்றிவிட்டுத் திரையில் எண் விழுந்தது. நாற்பத்தொன்று. எதோடு ஒத்துப்போகிறது என்ற இடத்தில், முதல் வரியில், என் பெயர். என் ஆய்வேடு. நூலகத்தில் பழைய ஆய்வேடுகளையெல்லாம் கணினியில் ஏற்றியிருந்த விஷயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் அத்தியாயம் முழுக்க, திருவிழாப் பந்தல் மாதிரி சிவப்பு. சிவப்பைப் பார்த்ததோடு சரி, எழுத்தைப் படிக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி பெருமையாக இருந்தது. நம்மையும் ஒருத்தி காப்பி அடித்திருக்கிறாளே! அடுத்த நொடி, அந்த அத்தியாயத்தை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பது நினைவுக்கு வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் அப்போது ஓர் இளம்பெண் அடுப்படியில் நின்று வேலை செய்துகொண்டிருந்தார். புதிதாக வரும் வேலையாட்களுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்று, தொழில் முழுவதையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். 'பால் சுண்டும்போது சத்தம் மாறும். சத்தம் மாறினால் பேச்சை நிறுத்து, கையை நிறுத்தாதே.' இப்படி முப்பத்தெட்டுப் பக்கம். நான் அந்த நோட்டை இரவல் வாங்கிப்போய் அப்படியே எழுதிக்கொண்டேன். 'அடி பிடிக்கும்' என்ற ஓரிடத்தை மட்டும் 'பாத்திரத்தின் அடிப்பகுதியில் படிவு உருவாகும்' என்று மாற்றினேன். அதுதான் என் ஆராய்ச்சி. நோட்டைத் திருப்பிக் கொடுத்து, ஒரு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஆய்வேட்டில் அவர் பெயர் எங்கும் இல்லை.

இப்போது இவளைக் கமிட்டிக்கு அனுப்பினால், இரண்டு ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார்கள். 'சார், இந்தச் சத்தம் மாறுற விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று ஒருவர் கேட்டால் போதும். எனக்குப் பாலே சரியாகக் காய்ச்சத் தெரியாது. அனுப்பாமல் கையெழுத்துப் போட்டால், நாற்பத்தொன்று என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டும். இரண்டும் செய்யாமல் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் போகும்.

வீட்டில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க, என்ன இப்படி வேர்க்கு?" என்றாள் மனைவி.

"நாப்பத்தொண்ணு."

"சட்டையா? உங்களுக்கு நாப்பத்திநாலே பத்தாது."

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப நீங்க காப்பி அடிச்சுருக்கீக," என்றாள்.

"காப்பி இல்ல. எடுத்து எழுதினது."

"கேட்டா?"

"நோட்டக் கேட்டுத்தான் வாங்கினேன்."

"பேரு?"

காப்பியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலையில், இதிலிருந்து தப்பித்தால் மலையடிவாரத்து அய்யனார் கோவில் வரை நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு மதுரை பஸ்ஸில் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அரை மணி நேரம்தான். பக்கத்தில் இருந்தவர் மடியில் ஒரு பெரிய கோப்பு. கோர்ட்டுக்குப் போகிறவர். விவரம் தெரிந்தவர் போலிருந்ததால் மெதுவாகக் கேட்டேன்.

"அண்ணாச்சி, திருட்டு கேஸுக்கு எம்புட்டு வருசம் போடுவாக?"

"எத்தன பவுனு?"

"பவுனு இல்ல. முப்பத்தெட்டுப் பக்கம்."

அவர் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன் இருக்கைக்குப் போய்விட்டார்.

கடை அதே இடத்தில்தான் இருந்தது. அந்தப் பெண் இப்போது கடைக்கே முதலாளி. என் வயதுதான் இருக்கும். கல்லாவுக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் அதட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்று ஆரம்பித்தேன்.

"தலை பூரா நரைய வச்சுக்கிட்டு என்னய அக்காங்கீக. கால் கிலோவா, அரைக் கிலோவா?"

வாங்க வரவில்லை என்று சொல்லி, நோட்டு வாங்கிப்போனது, எழுதியது, பெயரை விட்டது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"அட, அந்தத் தம்பியா நீங்க! எழுதி முடிச்சதும் கொண்டாந்து காட்டுதேன்னு சொல்லிட்டுப் போனீக. ஆளே வரல. பாவம், பெயிலாப் போயிட்டாரு போலன்னு நெனச்சேன்."

இருபது வருடமாக ஒருவர் என்னை எண்ணி இரக்கப்பட்டிருக்கிறார். அதற்குப் பதில் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

"போன மாசங்கூடத் தளவாய்புரத்துப் பிள்ளை ஒண்ணு வந்துச்சு," என்று அவரே தொடர்ந்தார். "ரெண்டு நாள் உக்காந்து அந்த நோட்டுல இருந்து எழுதிட்டுப் போச்சு. எம் பேரு, எங்கப்பா பேரு, எந்த வருசம் எழுதினது, அம்புட்டையும் மூணு தடவ கேட்டுச்சு. எதுக்கும்மான்னு கேட்டா, 'உதவி செஞ்சவுக பேர விடப்படாதுன்னு எங்க சார் சொல்லிருக்காரு'ன்னுச்சு. அந்தச் சாரு நல்ல மனுசனா இருப்பாரு போல."

"கேள்விப்பட்டிருக்கேன்," என்றேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் என்னைக் காப்பி அடிக்கவே இல்லை. நான் திருடிய வீட்டுக்கு வாசல் வழியாக வந்து, கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள்.

"நான் இப்ப என்ன செய்யணும்க்கா?"

"எம் பேரப் போட்டுருங்க. அம்புட்டுதான். கால் கிலோவா, அரைக் கிலோவா?"

ஒரு கிலோ வாங்கினேன்.

மத்தியானம் கல்லூரிக்கு வந்து அவள் ப்ராஜெக்டை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். துணைநூல் பட்டியலில் பெரிய மாமா, அத்தை, சின்ன மாமா, இரண்டு சித்தப்பாக்கள் எல்லோரையும் தாண்டி, ஒன்பதாவது வரியில், சொந்தம் இல்லாத குற்றத்துக்காகக் கடைசியில், அந்தக் கடைக்கார அக்காவின் முழுப் பெயரும் நோட்டின் விவரமும் இருந்தன. மூன்றாம் அத்தியாயத்தில் நோட்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு பத்தியும் மேற்கோள் குறிக்குள் இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் அவர் பெயர். 'அடி பிடிக்கும்' என்பது அடி பிடிக்கும் என்றே இருந்தது.

அவளைக் கூப்பிட்டுப் பட்டியலை அகரவரிசைக்கு மாற்றச் சொன்னேன். உதவாதவர்களை எடுக்கவும் சொன்னேன்.

"பெரிய மாமா கோவிச்சுக்கிட்டா நீங்கதான் சார் வந்து பேசணும்."

"அவர நன்றியுரையில போட்டுருவோம். அங்க உதவாதவுகளுக்கும் எடம் உண்டு."

பிறகு முதல்வரிடம் போய் என் பங்கையும் மறைக்காமல் சொன்னேன். என்னையும் கமிட்டிக்கு அனுப்புவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இத்தன வருசத்துல உங்க ஆய்வேட்ட எடுத்துப் படிச்ச ஒரே ஆளு அந்த சாஃப்ட்வேர்தான் சார்," என்றார். "அந்தம்மா பேர எழுதி ஒரு சீட்டு ஒட்டிருங்க. அது இருக்கட்டும், சாஃப்ட்வேர்ல மேற்கோளை விட்டுட்டுப் பாக்குறதுக்கு ஒரு கட்டம் இருக்குமே, அதுல டிக் போட்டீங்களா?"

போடவில்லை. அப்படி ஒரு கட்டம் இருப்பதே எனக்குத் தெரியாது.

போய் டிக் போட்டேன். நாற்பத்தொன்று ஒன்பதாக இறங்கியது. அந்த ஒன்பதும், 'இந்த ஆய்வு முழுவதும் என் சொந்த முயற்சி' என்று எல்லோரும் போன வருட ஏட்டைப் பார்த்து எழுதும் உறுதிமொழிப் பக்கமும், அதைப்போல எல்லா ஏட்டிலும் ஒன்றுபோல வரும் முன்பக்கங்களும்தான்.

வெள்ளிக்கிழமை காலை கையெழுத்துப் போட்டேன். அவள் அன்றே ஏட்டைச் சேர்ப்பித்தாள். அய்யனார் கோவிலுக்கு நான் இன்னும் நடக்கவில்லை. நூலகத்தில் என் ஆய்வேட்டை எடுத்து, மூன்றாம் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் அந்த அக்காவின் பெயரோடு ஒரு சீட்டை ஒட்டினேன். என் வாழ்க்கையின் முதல் அடிக்குறிப்பு. யாரும் என்னைப் பிடிக்கவில்லை. நூலகர் வந்து பசை டப்பாவைத் திருப்பிக் கேட்டார்.