ஒரே ஒழுங்கையில் கேட்ட கேள்விகள்

போன வருடம், நோன்புக்கு முந்திய மாதம். கல்முனைக்குப் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் எங்கள் ஊரிலிருந்து, சனி ஞாயிறுகளில் நூலகவியல் டிப்ளோமா வகுப்புக்குப் போய்வந்து கொண்டிருந்தேன். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. பட்டியலாக்கம், வகைப்படுத்தல் எல்லாம் எப்படியோ பிடிபட்டுவிட்டன. என்னைப் பயமுறுத்தியது ஆய்வு முறையியல்தான். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, வந்த பதிலை எவ்வளவு நம்புவது? எதையும் செய்துவிட்டு, சரியாகத்தான் செய்தேனா என்று மறுபடி மறுபடி யோசிக்கிற ஆள் நான். எனக்கு வாய்த்த பாடத்தைப் பாருங்கள்!

எங்கள் ஊர்த் தாய்மார் ஏன் பொது நூலகத்தில் அங்கத்தவராகச் சேர்வதில்லை என்பதை ஆய்வுத் தலைப்பாக எடுத்தேன். பிள்ளையை விட்டுவிட்டுத் தூரம் போக முடியாது. அதனால் வீடு இருக்கும் சிறு தெருவான எங்கள் ஒழுங்கையிலும் அதை ஒட்டிய குறுக்கு ஒழுங்கையிலும் ஒவ்வொரு மூன்றாவது வீட்டுக்கும் வினாக்கொத்தைக் கொண்டு போனேன். ஆள் பார்த்துத் தெரிவு செய்யாமல் எடுக்கும் எழுமாற்று மாதிரி இதுதான் என்று எனக்குள் ஒரு பெருமை. போன இடமெல்லாம் தேநீர், பலகாரம். என் மூத்த சகோதரி, பெரிய ராத்தா வீட்டில் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். "புத்தகம் பார்க்க எங்ககா நேரம்? நேரமில்ல எண்டே போடு" என்றார் ராத்தா. மற்றவர்களும் அப்படியே போட்டார்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்களே, முடிவு இவ்வளவு தெளிவாக வந்துவிட்டதே என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டேன்.

வகுப்பில் முன்வைத்தபோது, பாடம் எடுத்த மிஸ், போன வீடுகளைக் குறித்து நான் வரைந்த படத்தில் ஒரு வீட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த வீட்டில இருக்கிறவ உங்களுக்கு என்ன முறை?"

"சாச்சி, மிஸ். உம்மாட தங்கச்சி."

"அதுக்கு அங்கால?"

"ராத்தா. அதுக்கு அடுத்தது சாச்சிட மகள்…"

சொல்லிக்கொண்டு போகும்போதே எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். உம்மா தன் வளவு நிலத்தைப் பிரித்து ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுப்பார். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். அப்படியிருக்க, எங்கள் ஒழுங்கையில் எத்தனையாவது வீட்டைத் தட்டினால் என்ன? திறப்பது என் சொந்தக்காரிதான்.

"அப்ப நீங்க ஊரையா ஆய்வு செஞ்சீங்க, குடும்பத்தையா?" என்று மிஸ் கேட்க, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். கண் மட்டும் கலங்கிவிட்டது.

பத்து நாளுக்குள் திருத்திக் கொடுக்கலாம், இல்லையென்றால் அடுத்த வருடக் குழுவோடு சேரலாம் என்றார்கள். "அடுத்த வருஷம் பார்ப்பமே, புள்ளையும் வளர்ந்திரும்" என்றார் கணவர், அன்பாகத்தான். எனக்கு முந்திய குழுவில் அப்படி அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போட்ட இரண்டு தாய்மார் திரும்பி வரவேயில்லை. நானும் வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் குழம்பினேன். மூன்றாம் நாள் காலை அபாயாவைப் போட்டுக்கொண்டு, என்னை விட்டு நிற்க மறுத்து அழுத மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சுனாமிக்குப் பிறகு கட்டிய வீட்டுத்திட்டத்துக்குப் போனேன். அங்கே யாருக்கு எந்த வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி சொந்தக்காரியாக இருக்கமாட்டாள். எனக்கும் அங்கே ஒருவரையும் தெரியாது.

முதல் வாசலில் ஒரு பெண் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த தாள்களைப் பார்த்ததும், "என்ன, நிவாரணத்துக்குப் பேர் எழுதவா?" என்றார். இல்லை, படிப்புக்காக என்றேன்.

"நாங்க நிரப்பாத ஃபோமா புள்ள? வருவாங்க, கேப்பாங்க, போவாங்க. என்னத்தக் கண்டுபிடிச்ச எண்டு ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்ல."

"நான் வந்து சொல்லுவன்" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"ஓம் ஓம், எல்லாரும் அப்பிடித்தான்" என்று சிரித்துக்கொண்டே கையைக் கழுவி, மகளை வாங்கிக்கொண்டார். "கேளு, என்ன கேக்கப் போறாய்?"

நூலகத்துக்குப் போக நேரமில்லையா என்று கேட்டேன். "நேரமா? மனிசன் கடலுக்குப் போனா எனக்கு என்ன வேலை? சேரத்தான் போனேன். பிணைக்கு ஆள் கேட்டாங்க."

அங்கத்தவராக வேண்டுமென்றால், ஊரில் வீட்டு வரி கட்டும் ஒருவர் பிணையாகக் கையொப்பம் வைக்க வேண்டும் என்பது விதி. திட்டத்து வீடுகள் பலவற்றுக்கு இன்னும் உறுதிப் பத்திரம் கையில் கிடைக்கவில்லை; அதனால் அங்கிருப்பவர்கள் பேரில் வரியும் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தவர்களும் அவர்களைப் போன்றவர்களே. அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக இருத்திக் கேட்டேன். பலரும் இதையேதான் சொன்னார்கள். எங்கள் ஒழுங்கையில் வீடு பெண்ணின் பேரில். நான் நூலகத்தில் சேர்ந்தபோது எனக்குக் கையொப்பம் வைத்தது சாச்சி. அதனால் பிணை என்று ஒரு தடை இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. என் வினாக்கொத்தில் அப்படியொரு கேள்வியே இருக்கவில்லை.

தவணைக்குள் ஆய்வைக் கொடுத்தேன். சித்தியடைந்தேன். பெறுபேறு வந்த வாரமே வீட்டுத்திட்டத்துக்குப் போனேன். "வந்திட்டாகா!" என்று அந்தப் பெண் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டார். கண்டுபிடித்ததைச் சொன்னேன்.

"இது எங்களுக்குத் தெரியுமே, நாங்கதானே உனக்குச் சொன்ன!" என்று எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர், "சரி, நூலகத்துக்கு யார் சொல்லுற?" என்று கேட்டார்.

நான் அதை யோசித்திருக்கவில்லை. மறுநாள் நூலகத்துக்குப் போய், திட்டத்திலிருந்து நான்கு பெண்கள் கூட வர, பொறுப்பாளரிடம் சொன்னேன். விதியை மாற்றுவது தன் கையில் இல்லை, மேலே கேட்க வேண்டும் என்றார். இன்னும் மாறவில்லை. மாதம் ஒருமுறை போய்க் கேட்கிறோம். இப்போதும் ஒவ்வொரு தடவையும், இது நம் வேலையா, அதிகம் பேசுகிறோமா என்று எனக்குள் ஒரு கலக்கம் வருகிறது. ஆனால் பதில் தந்தவர்கள் பக்கத்தில் நிற்கும்போது பாதியில் திரும்பிப் போக எனக்கு மனம் வருவதில்லை.