விளக்கு எரியும்போது போன கரன்ட்

மைக் செட்காரர்கள் பொதுவாக மைக்கை விரலால் தட்டிப் பார்ப்பார்கள், இல்லையென்றால் ஊதிப் பார்ப்பார்கள். என் அக்கா வீட்டுக்காரர் இரண்டும் செய்ய மாட்டார். கைக்குட்டையின் ஒரு முனையைச் சுட்டுவிரலில் சுற்றி மைக்கின் தலையைத் துடைப்பார். உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டு ஆம்ப்ளிஃபையரின் குமிழைத் திருப்புவார். பிறகு கையை எடுத்துவிட்டு, உதடு பிரியாமல் "ம்" என்பார். அது கடைசிக் குழாய் ஸ்பீக்கர் வரை கேட்டுவிட்டால் வேலை முடிந்தது. நாள் முழுக்க அவர் பேசுவதே ஏறக்குறைய அவ்வளவுதான். அதனாலேயே ஊரில் அவருக்கு 'சவுண்டு' என்று பெயர்.

நான் அவர் வீட்டு மாடி அறையில் இருந்தேன். மைதானத்துக்கு எதிரே மருந்துக் கடையில் வேலை.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல், விகாரை, நான்குக்கும் மாமாதான் மைக் கட்டுவார். இரண்டு கட்சிக்கும் அவர்தான். ஒரே மைக். காலையில் ஒருவர் எல்லா உயிர்களிடமும் இரக்கம் காட்டச் சொல்வார், சாயங்காலம் வேறு உடையில் இன்னொருவர் அதையே சொல்வார்.

"இத்தனை பேர் இரக்கத்தைப் பத்திப் பேசிக் கேட்டிருக்கீங்களே, ஒரு நாளாவது பாத்திரம் கழுவிக் குடுத்திருக்கீங்களா?" என்பாள் அக்கா.

"ம்" என்பார் மாமா. கழுவ மாட்டார்.

ஒரே ஒரு முறை ஆம்ப்ளிஃபையரைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மாப்ளே, இந்த முள்ளைப் பாரேன். இரக்கம், பொறுமைன்னு சொல்றப்ப எல்லாருக்கும் குரல் இறங்கிடுது. முள்ளு பாதிக்கு மேல ஏறாது. 'அவங்க'ன்னு ஆரம்பிக்கட்டும், சிவப்புல போய் இடிக்கும்."

"எந்த மதத்துல மாமா?"

"மைக்குக்கு ஏதுடா மதம்? எல்லாருக்கும்தான். கட்சிக்காரனுக்கும் சேர்த்துத்தான்."

அந்த வருடம் ஊர் சரியில்லை. இரண்டு கடைகள் எரிந்திருந்தன. மைதானத்துக்குப் பின்தெருவில் இருந்தவர்கள் வேறு மதத்துக்காரர்கள், எண்ணிக்கையில் குறைவு. இந்தச் சமயத்தில்தான் கட்சிக் கூட்டம் போட்டார்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதன் கீழே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடைக்குப் பக்கத்தில் மேசை போட்டு மாமா உட்கார்ந்திருந்தார்.

பேச்சாளர் வெளியூர்க்காரர். எறும்பை மிதிக்கக்கூட மனம் வராத மரபு நம்முடையது என்று தொடங்கினார். கைதட்டினார்கள். பிறகு "ஆனா" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார்.

"பின்னாடித் தெருவுல சில வீடுங்க நம்ம கூட்டத்தையே அவமானப்படுத்தியிருக்கு. நம்பர் சொல்றேன். மனசுல வச்சுக்குங்க. பதினொண்ணு."

கூட்டம் உறுமியது.

"பதினேழு."

முன்வரிசையில் சில இளைஞர்கள் எழுந்தார்கள். ஒருவன் நாற்காலியை மடக்கிக் கையில் எடுத்துக்கொண்டான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பதினேழாம் நம்பர்க்காரர் வாங்கும் மாத்திரையின் பெயர் மட்டும் மனதில் வந்தது.

"இருபத்து மூணு."

நாலாவது எண் வரவில்லை. பேச்சாளரின் வாய் மட்டும் அசைந்தது. மாமா எழுந்து நின்றார். அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை.

"கரன்ட் போயிடுச்சு!"

கரன்ட் போனதாகக் காட்ட மெயின் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். அவசரத்தில் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கியிருந்தார். மேடையில் குழல் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. மின்விசிறி பேச்சாளரின் துண்டைத் தூக்கி அவர் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது.

"யோவ் சவுண்டு, அப்ப மேல எரியிறது என்ன, நிலாவா?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"பேசறவருக்கு மட்டும் போயிருக்கும்யா!"

சிரிப்பு பின்னாலிருந்து முன்னால் வந்தது. நாற்காலியைத் தூக்கியவனும் சிரித்துவிட்டான். பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் விரித்துப் போட்டு உட்கார்ந்தான். பேச்சாளர் தொண்டை கிழியக் கத்தியது மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. "என்னப்பா சொல்றாரு?" "யாருக்குத் தெரியும்?" கால் மணி நேரத்தில் பாதி மைதானம் காலி. பேச்சாளர் சீட்டை மேடையிலேயே எறிந்துவிட்டு இறங்கினார். அன்றைக்குப் பின்தெருவுக்கு யாரும் போகவில்லை.

கட்சிச் செயலாளர் இரண்டு பேரோடு மேடைக்குப் பின்னால் வந்தார்.

"சொல்லு. கரன்ட் எங்க போச்சு?"

"வயர் நழுவிடுச்சுங்க."

"நழுவுச்சா, நீ நழுவ விட்டியா?"

மாமாவின் இடது காதோடு சேர்த்து ஓர் அறை விழுந்தது. இன்னொன்றும். அவர் கையில் இரும்பு மைக் ஸ்டாண்டு இருந்தது. அதைக் குனிந்து தரையில் படுக்கவைத்தார். பிறகு நிமிர்ந்து, மூன்றாவதற்கும் நின்றார்.

எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சாலைதான். நான் அதைக் கடக்கவில்லை. அவர்கள் போன பிறகு பஞ்சு எடுத்துக்கொண்டு போனேன்.

"காதுல என்னங்க?" என்று இரவுச் சாப்பாட்டின்போது அக்கா கேட்டாள்.

"தண்ணி போயிருக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

அந்தக் காது திரும்பக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மாமா எந்த மேடைக்கும், எந்த வழிபாட்டுக்கும் மைக் கட்டப் போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து மின்விசிறி பழுது பார்த்தார். பதினேழாம் நம்பர்க்காரர் மனைவியோடு நன்றி சொல்ல வந்தார். மாமா உள்ளறையில் இருந்துகொண்டு, "நான் இல்லைன்னு சொல்லிடு" என்றார். அவர்கள் மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் அதே பதில். தன்னடக்கம் என்றுதான் நினைத்தோம். மருந்து வாங்க வருபவர்களிடம் நானும் அப்படித்தான் சொன்னேன்: நல்ல மனுஷன், புகழ்ந்தால் பிடிக்காது.

மூன்று வருடம் கழித்து ஆம்ப்ளிஃபையரை விற்றோம். வாங்க வந்தவர் தூசி தட்டுவதற்காகப் பின்மூடியைக் கழற்றினார். உள்ளே மடித்த தாள் ஒன்று இருந்தது. மாமாவின் கையெழுத்து. மேல் மூலையில் கட்சி அலுவலக முத்திரையும் கூட்டம் நடந்த தேதியும். கூட்டத்துக்கு முன் தெருத்தெருவாகப் போய், உங்கள் மாடியில் குழாய் ஸ்பீக்கர் கட்டலாமா என்று கேட்டு, மறுத்த வீடுகளை எழுதிக் கூட்டம் நடத்துபவர்களிடம் கொடுப்பது அவர் வழக்கமாம். யாரும் போய் வற்புறுத்தக் கூடாது என்பதற்காக. அக்கா அப்போதுதான் சொன்னாள்.

எண்களை மட்டும் யாரோ சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்கள். மாமா நீல மையில் எழுதியிருந்தது இது:

"குழாய் வேண்டாம் என்ற வீடுகள். 11 - கைக்குழந்தை. 17 - பெரியவருக்கு இதய ஆபரேஷன். 23 - பெண்ணுக்குப் பரீட்சை. 26 - போன மாதம் துக்கம். இந்தப் பக்கம் சத்தம் போகாமல் பார்த்துக்கொள்ளவும்."