சிவகாமியின் விட்டமின் டி

போன செவ்வாய்க்கிழமை பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் டாக்டர் என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"டீச்சரே... விட்டமின் டி நூற்று அறுபதுக்கு மேலே போயிருக்கு. கால்சியமும் கூடுதல்."

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நாக்கு வறண்டு கிடக்கிறது. வயிற்றைப் புரட்டுகிறது. நாலு நாளாகக் காலைக்கடன் இல்லை. அந்த நிலையிலும் என் மனசு கணக்குப் போடுகிறது — சிவகாமிக்கு நாற்பத்திரண்டுதானே!

பொறாமை. வேறு நல்ல பெயர் வைத்துச் சமாளிக்க எனக்கு விருப்பமில்லை.

சிவகாமி என் கொழுந்தனாரின் மனைவி. கொழிஞ்சாம்பாறையை அடுத்த எங்கள் தோட்டத்தில் இரண்டு வீடுகள், ஒரே கிணறு. நான் ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர். அவள் வயலையும் ஐந்து மாடுகளையும் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, அவளுக்கு ஐம்பது. பெரிய வித்தியாசமா? ஆனால் அவள் தரையில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்துவிடுவாள். நான் எழுந்தால் முட்டி போடும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும். படுத்தால் அவளுக்கு உடனே தூக்கம். நானோ விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நாளைய டைம்டேபிளை ஓட்டிக்கொண்டிருப்பேன். இதையெல்லாம் இருபத்தைந்து வருஷமாகப் பக்கத்திலேயே இருந்து பார்க்கிறேன்.

மூன்று மாதம் முன்பு பால் சொசைட்டியில் மருத்துவ முகாம் போட்டார்கள். குடும்பத்தோடு போய் ரத்தம் கொடுத்தோம். ரிப்போர்ட் வந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் சும்மா இருந்திருக்கலாம். டீச்சர் புத்தி விடுமா? விடைத்தாள் கொடுப்பதைப் போல ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு, விட்டமின் டி எத்தனை என்று உரக்க வாசித்தேன். முப்பதுக்கு மேல் இருந்தால் பாஸ் என்று நானே விளக்கமும் சொன்னேன்.

சிவகாமி நாற்பத்திரண்டு. வீட்டிலேயே முதல் ராங்க். என் வீட்டுக்காரர் முப்பத்தொன்று — ஜஸ்ட் பாஸ். கடைசித் தாள் என்னுடையது.

ஒன்பது.

"என்ன புள்ள... டீச்சரே பெயிலா?" என்றார் வீட்டுக்காரர். சோறு சிதறச் சிரித்தார்கள். சிவகாமி மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா எந்நேரமும் ஸ்கூலுக்குள்ளயே இருக்காங்கள்ல... வெயிலு படாதுங்களே, பாவம்" என்றாள். அந்தப் 'பாவம்' இருக்கிறதே — சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்!

அவள் சொன்னதில் தப்பே இல்லை. நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் நான் வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும்கூடக் குடை பிடிப்பவள். முழங்கையைத் தாண்டிய ஜாக்கெட். முகத்துக்கு சன்ஸ்க்ரீன். தோலில் வெயில் பட்டால்தான் உடம்பு விட்டமின் டி தயாரிக்கும். அது இருந்தால்தான் சாப்பிடும் கால்சியம் எலும்புக்குப் போய்ச் சேரும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம். கறுத்துவிடுவேனே என்ற பயத்தில் நான் மறந்துபோன விஷயம்.

சித்தூர் டாக்டர் மாத்திரை எழுதினார். அறுபதாயிரம் யூனிட். வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். அப்புறம் திரும்பவும் ஒரு டெஸ்ட்.

எட்டு வாரத்தில் எட்டே மாத்திரை. எவ்வளவு ஏறிவிடும்? நாற்பதைத் தொடுமா? சிவகாமியைத் தாண்டுமா? கணக்கு டீச்சர் அல்லவா... பெருக்கிப் பார்த்தேன். தினம் ஒன்று போட்டால் ஏழு மடங்கு வேகம்! விட்டமின்தானே, விஷமா என்ன? ஒரே கடையில் வாங்கினால் கேள்வி கேட்பார்கள் என்று சித்தூரில் ஒரு கடை, கொழிஞ்சாம்பாறையில் ஒரு கடை, கல்யாணத்துக்குப் போனபோது பொள்ளாச்சியில் ஒரு கடை. பழைய சீட்டையே நீட்டினேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. காலையில் காபியோடு உள்ளே தள்ளிவிட்டு, ஜன்னல் வழியாகச் சிவகாமி புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பேன். இருடி, வருகிறேன்!

ஒரு மாதம் தாண்டியதும் உடம்பு சொன்னது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் தாகம். வகுப்பின் நடுவே இரண்டு முறை வெளியே ஓட வேண்டியிருந்தது. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். போர்டில் எழுதிய கணக்கைப் பாதியில் மறந்து நின்றேன். மாத்திரை மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சத்து குறைவு என்று நினைத்து, இன்னொரு வாரமும் விடாமல் போட்டேன்.

கண்டுபிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்?

ஞாயிறுதோறும் இரண்டு வீட்டுக் குப்பையையும் தரம் பிரித்து வைப்பது சிவகாமி. அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிறு காலி மாத்திரை அட்டைகளைக் கையில் பிடித்தபடி என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, இது வாரத்துக்கு ஒண்ணுன்னு தானுங்களே டாக்டரு சொன்னாரு? இத்தன அட்டை காலியாக் கெடக்குது?"

"உனக்கென்ன தெரியும்? விட்டமின் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

"மாட்டுக்கு டானிக்கு ஊத்துறப்பவே டாக்டரு சொன்ன மில்லிக்கு மேல ஒரு சொட்டு ஊத்த மாட்டமுங்க. மனுசருக்கு மட்டும் அளவு இல்லீங்களா? கம்முனு கெளம்புங்க, டாக்டருகிட்டப் போலாம்."

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை சித்தூர் போனோம். பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். இரண்டு முறை நான் வாந்தி எடுக்க, கவர் பிடித்தாள். டாக்டர் மலையாளம் கலந்த தமிழில், "வாரம் ஒண்ணு தானே எழுதியது?" என்று கேட்டபோது நான் மேலே ஃபேனைப் பார்த்தேன். அவள் மடியிலிருந்த பையைத் திறந்து, காலி அட்டைகளை மேஜைமேல் வைத்தாள்.

டாக்டர் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார். பி, சி விட்டமின்கள் தண்ணீரில் கரைபவை. மிஞ்சியதில் பெரும்பங்கு சிறுநீரில் போய்விடும். ஏ, டி, ஈ, கே அப்படியல்ல. உடம்பிலேயே சேர்ந்து தங்கும். டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, கிட்னியையே கெடுத்துவிடும்.

"இது மார்க்ஷீட் இல்லை டீச்சரே. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கிட்னி போயிருக்கும். ஏன் இப்படிச் செய்தது?"

இரண்டு நாள் அட்மிட் செய்து, கையில் ஊசி குத்தி சலைன் ஏற்றினார்கள். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சிவகாமி உட்கார்ந்திருந்தாள். மாடுகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்! அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. கண்ணீரும் வந்துவிட்டது.

"உன்னை ஜெயிக்கணும்னுதான் சிவகாமி, தினம் ஒண்ணு போட்டேன்."

திட்டுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று காத்திருந்தேன். குறைந்தபட்சம் கொஞ்சம் கர்வமாவது படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை.

"அதான் ஜெயிச்சுட்டீங்கள்லங்க்கா... எந்திரிச்சு இந்தத் தண்ணியக் குடிங்க" என்று டம்ளரை நீட்டினாள். பிறகு தலையைச் சுவரில் சாய்த்தாள். அடுத்த நிமிஷம் தூங்கிப்போனாள்.

இப்போது உடம்பு தேறி வருகிறது. மாத்திரையை நிறுத்தியாயிற்று. குடை இன்னும் இருக்கிறது. பஸ் ஸ்டாப் வரை மடக்கியே எடுத்துப் போகிறேன். ஆனால் ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுடைய முட்டியையும் நாற்பத்திரண்டையும் விட்டுவிட்டேன். பொறாமைப்படவே தெரியாத அந்த மனசு இருக்கிறதே... அதைப் பார்த்துத்தான் இப்போது வயிறு எரிகிறது.

இதற்கு மாத்திரை ஏதாவது இருந்தால் எழுதுங்கள். சத்தியமாக, வாரத்துக்கு ஒன்றுதான் போடுவேன்!