ஒன்றாம் எண் யாருக்கு

எங்கள் திண்டிவனம் அலுவலகத்துக்கு இணையம் வந்தபோது, இனி வேலைகள் விரைந்து முடியும் என்று விழுப்புரத்திலிருந்து வந்த சுற்றறிக்கை சொன்னது. விரைந்து முடிந்தது மதிய உணவு மட்டும்தான். டிபன் பாக்ஸைக் கழுவி வைத்த கையோடு எல்லோரும் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். கணக்கர் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார். தட்டச்சர் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தார். எங்கள் அதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு ராசிபலன் பார்த்தார். எங்கள் துறையின் இணையதளத்தைப் பார்த்தவர் ஒரே ஒருவர். அவர் ஓர் இளநிலை உதவியாளர். பார்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு வீடு கண்டாச்சிபுரத்தில். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, விழுப்புரத்தில் ஒரு பஸ் மாறி, தினமும் திண்டிவனம் வந்து போவார். காலையில் குழந்தை எழுவதற்குள் கிளம்பிவிடுவார், இரவு அது தூங்கிய பிறகுதான் வீடு சேருவார். "எம் பொண்ணு என்னை விருந்தாளின்னு நெனச்சிக்கினு இருக்கு சார்" என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கண்டாச்சிபுரம் அலுவலகத்தில் ஓர் இடம் காலியாகப் போவதாகப் பேச்சு இருந்தது. அந்த வருடம் முதல் மாறுதல் விண்ணப்பங்களை இணையத்தில்தான் அனுப்ப வேண்டும். அதனால் அவர் மட்டும் தினமும் துறையின் தளத்தைத் திறந்து, அது சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு மூடுவார்.

நான் அங்கே கண்காணிப்பாளர். விழுப்புரம் தனி மாவட்டமான வருடத்திலிருந்து அந்த ஊருக்கும் திண்டிவனத்துக்கும் பந்தாடப்பட்டு, விதிகளையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தவன். எந்த வேலையை எந்த விதிப்படி செய்யாமல் இருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். அரசுப் பணியில் அதுதான் உயர்கல்வி.

இணையம் ஆமையாக ஊர்வதைப் பற்றி மேலே புகார் போயிற்று. பதில் உடனே வந்தது: பிராக்ஸி ஒன்றும் ஃபயர்வால் ஒன்றும் அமைத்து, அலுவலக நேரத்தில் தேவையற்ற தளங்களைத் தடை செய்க. இரண்டும் என்னவென்று தெரியாமலே அதிகாரி "ஒப்புதல்" என்று பச்சை மையில் எழுதிவிட்டார். எதைத் தடை செய்வது என்று கூட்டம் போட்டோம். கணக்கர் கிரிக்கெட்டைத் தடை செய்யச் சொன்னார். தட்டச்சர் திருமணத் தளங்களைத் தடை செய்யச் சொன்னார். அடுத்தவர் பார்ப்பதுதான் தேவையற்றது என்பதில் அவையில் கருத்து வேறுபாடே இல்லை. இறுதியில் துறையின் தளம் தவிர எல்லாவற்றையும் தடை செய்வது, அதிகாரிக்கு மட்டும் தடை கிடையாது என்று ஒருமனதாக முடிவாயிற்று. ஒருமனது அதிகாரியுடையது.

விழுப்புரத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்தார். நாற்பது வயது இருக்கும், வாயில் எப்போதும் பாக்கு. பதிவறையில் கால் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே கிடந்த ஒரு பழைய கணினியைத் தூசி தட்டி எடுத்தார். அதில் ஒரு கேபிள் வெளியே இணையத்துக்கு, இன்னொன்று உள்ளே எங்கள் கணினிகளுக்கு. பிராக்ஸியும் ஃபயர்வாலும் இனி அதுதான்.

"இனிமே யாரு எந்தப் பக்கம் போனாலும் இது வழியாத்தான் போவணும் சார். எந்த சைட்டுக்குப் போறேன்னு கேக்கும். லிஸ்ட்ல இருந்தா உடும், இல்லன்னா திருப்பி அனுப்பும். வெளியிலருந்து எவனும் உள்ள பூர முடியாது."

"நம்ம வாட்ச்மேனை விட மேல்னு சொல்லுங்க."

"அவரு தூங்குவாரு சார். இது தூங்காது."

ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு, அந்த எண்ணைக் கொண்டுதான் யார் கேட்கிறார்கள் என்று பிராக்ஸி தெரிந்துகொள்ளும் என்றார். பதிவறைக் கணினிக்கு ஒன்றாம் எண். மற்றவற்றுக்கு வாசலிலிருந்து தொடங்கி வரிசையாகக் கொடுத்து, ஒவ்வொன்றின் நெற்றியிலும் எண்ணை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினார். வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது தபால் பிரிவு. அதற்கு இரண்டு. கடைசி அறை அதிகாரியுடையது. அதற்குப் பதினேழு. பதினேழுக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை என்று பிராக்ஸியிலும் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அதிகாரி தன் கணினியின் நெற்றியைப் பார்த்தார். மணி அடித்தார். போனேன்.

"இன்னா சார் இது, பதினேழு?"

"கணினியோட எண்ணுங்க சார்."

"தபால் பிரிவுக்கு?"

"ரெண்டுங்க."

"தபால் ஒட்றவன் ரெண்டு, நான் பதினேழு. இந்த ஆபீசுக்கு யாரு சார் ஹெட்டு?"

எந்த விதிநூலிலும் இதற்கு விடை இல்லை. எங்கள் அலுவலகத்தில் நாற்காலியின் முதுகு உயரம், மேசைத் துணி, மின்விசிறி, தண்ணீர் டம்ளருக்கு மூடி உண்டா இல்லையா என்பது வரை பணிமூப்புப்படிதான். எண்ணுக்கு மட்டும் விதிவிலக்கு ஏன் என்று அவர் கேட்டது, அவர் உலகத்தில், நியாயமான கேள்விதான். கடைக்காரரைக் கேட்டுச் செய்யலாம் என்றேன். "கடைக்காரன் வந்து எனக்கு நம்பர் போடுவானா?" என்றார். எண்ணை மாற்றும் வித்தையைப் பக்கத்தில் நின்று பார்த்து வைத்திருந்த தட்டச்சரை அழைத்தார். அன்று மாலைக்குள் அலுவலகமே பணிமூப்புப் பட்டியலின்படி மறுசீரமைக்கப்பட்டது. அதிகாரிக்கு ஒன்று. எனக்கு இரண்டு. எட்டு ராசியில்லை என்று அதை யாருக்கும் போடவில்லை. அதனால் கடைசி எண்ணான பதினேழு, பட்டியலின் அடியில் இருந்த தபால் பிரிவுக்குப் போயிற்று.

விளைவு ஒன்று உடனே தெரிந்தது. தபால் பிரிவு திடீரென்று களைகட்டியது. எதிலும் தடையில்லாத கணினி அங்கே இருக்கிறது என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். கணக்கர் ஒரு நாளைக்கு அத்தனை முறை தபால் விசாரிப்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இன்னொரு விளைவு புரிய நாளாயிற்று. காலையில் நாங்கள் வந்ததும் இணையம் ஓடும். பதினொரு மணி வாக்கில் அதிகாரி வருவார். இணையம் நின்றுவிடும். அவர் வெளியூர் முகாம் போனால் மறுபடி ஓடும். "சார் வந்தா நெட்டுக்கே பயம்" என்று தட்டச்சர் சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். அது ஒரு தகவல் என்று யாருக்கும் தோன்றவில்லை, நகைச்சுவை என்றே வைத்துக்கொண்டோம். கடைக்காரரை வரவழைத்தோம். அவரை அனுமதிக்கும் உத்தரவில் அதிகாரிக்கு இடையூறில்லாத நாளாகப் பார்த்து வரச் சொல்லியிருந்ததால், அவர் எப்போதும் அதிகாரி இல்லாத நாளில்தான் வந்தார். வந்து பார்ப்பார். எல்லாம் ஓடும். "நல்லாத்தானே கீது சார், ஏன் பேஜார் பண்றீங்க" என்று பாக்கைத் துப்பிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறுவார்.

இதற்கிடையில் கண்டாச்சிபுரத்து இடம் காலியாயிற்று. அந்தப் பெண் ஒரு காலை நேரத்தில், இணையம் உயிரோடு இருந்தபோது, விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். அதன் மேல் அலுவலகத் தலைவரான அதிகாரி தன் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே நுழைந்து பரிந்துரை செய்ய வேண்டும். அவர் கணினியைப் போட்டால் இணையம் இல்லை. இணையம் இருக்கும்போது அவர் இல்லை. இப்படியே கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணியோடு தளம் மூடப்படும். விட்டால் அடுத்த வருடம்தான்.

மதியம் அந்தப் பெண் என் மேசைக்கு வந்து நின்றார். அன்று சிரிக்கவில்லை.

"சார் ரூமுக்குப் போனேன். நெட்டு இல்லம்மா, நான் இன்னா பண்றதுன்றாரு. என் சிஸ்டத்துல வந்து போடுங்க சார்னேன். கிளார்க் சீட்ல வந்து குந்திக்கினு நான் ரெகமண்ட் பண்றதான்னு கேக்குறாரு."

நான் போய்ப் பேசிப் பார்த்தேன். விழுப்புரம் அலுவலகத்தில் இருந்தாவது செய்யலாமே என்றேன். "அடுத்தவன் கம்ப்யூட்டர்ல என் பாஸ்வேர்டைப் போடச் சொல்றீங்களா?" என்றார். பாதுகாப்பு உணர்வு அவருக்கு அன்றுதான் உச்சத்தில் இருந்தது. நான் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் திரையின் மூலையில் ஒரு மஞ்சள் குமிழ் எட்டிப் பார்த்தது. பார்க்காமலே மூடினார்.

"அது இன்னாங்க சார்?"

"டெய்லி வருது. ஃபயர்வால் வணக்கம் சொல்லுது."

நான் இருக்கைக்குத் திரும்பிக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். மஞ்சள் குமிழைப் பற்றிச் சொன்னேன். மறுமுனையில் பாக்கு மெல்லும் சத்தம் நின்றது.

"சார், அவரு மிஷினு மேல இன்னா நம்பரு?"

"ஒன்னு."

"அய்யோ! ஒன்னு பதிவறைப் பெட்டிக்கு சார்! அந்தக் குமிழு அதத்தான் டெய்லி சொல்லிக்கினு கீது! ரெண்டு பேரு ஒரே நம்பர வச்சிக்கினு இருந்தா மத்த மிஷினுங்க யார்கிட்டப் போவும்? எல்லாம் அவருகிட்டப் போயி நின்னுக்கினு கீது. அவரு இன்னா வழியா உடப் போறாரு?"

அவர் யாருக்கும் வழிவிட்டதில்லை என்பது எங்களுக்கு முன்பே தெரியும். இயந்திரங்களுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

காலியாக உள்ள வேறு எண் எதையும் போடலாம், இருநூற்று ஐம்பத்து நான்கு வரை உண்டு என்றார் கடைக்காரர். இப்போது பிரச்சினை கணினியில் இல்லை. ஒன்றாம் எண்ணை விடுங்கள் என்று ஓர் அதிகாரியிடம் எப்படிச் சொல்வது? தொழில்நுட்பக் காரணம் சொன்னால் கடைக்காரன் பேச்சைக் கேட்பதா என்பார். நான் ஒரு கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வெறுங்கையோடு போனால் அங்கே எதுவும் நகராது.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. ஒன்னாம் நம்பரு பதிவறைல இருக்கற மிஷினோடதாம். வாசல்ல நின்னு போறவங்க வர்றவங்களை செக் பண்ற வேலையாம்."

"வாட்ச்மேன் மாதிரியா?"

"அதேதாங்க."

அவர் கணினியின் நெற்றியைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"அப்ப இத்தன நாளா வாட்ச்மேன் நம்பரை எனக்கு ஒட்டி வச்சிருக்கீங்களா?"

யார் ஒட்டச் சொன்னது என்பதை நான் நினைவுபடுத்தவில்லை. கோப்பைத் திறந்து குறிப்புத் தாளைக் காட்டினேன். கீழே இருப்பவர் முதலில் எழுதுவார், பிறகு நான், கடைசியில் அதிகாரி.

"கோப்புல கடைசிக் கையெழுத்து யாருதுங்க சார்?"

"என்னுதுதான்."

"அதனாலதாங்க கடைசி நம்பரு தலைவருக்கு. எரநூத்தம்பத்தி நாலு. அதுக்கு மேல நம்பரே தர முடியாதாம்."

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்ப அதை ஜல்தியா போடச் சொல்லுங்க" என்றார். தட்டச்சர் ஏற்கெனவே கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். எண் மாறியது, குமிழ் வரவில்லை, தளம் திறந்தது. கடவுச்சொல்லை அவர் மறந்திருந்தார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்ததால் பாதுகாப்புக்கு எந்தக் குறையும் இல்லாமல் அதுவும் கிடைத்தது. ஐந்து மணிக்குச் சற்று முன்னால் "பரிந்துரைக்கப்பட்டது" என்று பச்சை எழுத்தில் வந்தது. அந்தப் பெண் அதைப் படித்தார், இன்னொரு முறை படித்தார், பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

புது எண்ணுக்குத் தடைநீக்கம் கிடையாது என்பதை மறுநாள் அதிகாரி அறிந்தார். ராசிபலன் பக்கம் திறக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். தளம் எதுவென்று குறிப்பிட்டு எழுத்துமூலம் கேட்டால் திறந்துவிடலாம் என்று பணிவோடு சொன்னேன். அவர் கேட்கவே இல்லை.

மாறுதல் உத்தரவு வந்தது. வழியனுப்பு விழாவில் அதிகாரி, ஒரு சகோதரியைக் குழந்தையோடு சேர்த்து வைத்தது தாம் கொண்டுவந்த நவீனத் தொழில்நுட்பமே என்று நெடுநேரம் பேசினார். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலையில் பிடித்த உருண்டையும் காராசேவும் கொடுத்தார்கள். அந்தப் பெண் தட்டோடு என் பக்கம் குனிந்தார்.

"சார், ஒரு டவுட்டு. கண்டாச்சிபுரத்துல ஆபீசருக்கு இன்னா நம்பரு போட்டிருக்காங்கன்னு கேட்டுச் சொல்றீங்களா?"

"அங்க இன்னும் நெட்டே வரலம்மா. நிம்மதியாப் போயிட்டு வாங்க."