ஆளைக் காட்டுங்க

மாதம்மாள் அம்மாவுக்கு நான்தான் டிரைவர். தலைச்சோலையிலிருந்து சட்டமன்றத்துக்குப் போன முதல் பெண் அவர். எனக்குச் சொந்த ஊர் சேலம். இந்த மலைப் பனியும் பிடிக்காது, பேய்க்கதையும் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பனி மூடிவிட்டால் முன்னால் போகிறவர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். பின்னால் வருகிறவர்கள் குரல் கொடுக்க வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் யாரும் நகரக் கூடாது. இளவயதில் அம்மாதான் அப்படி முன்னால் நடந்தவர். ஒரு சாயங்காலம் பள்ளத்து வளைவைத் தாண்டியதும், "கண்ணாயி!" என்று தன் கூட்டாளியைக் கூப்பிட்டார்.

"வரேனுங்க்கா."

எல்லோர் காதிலும் விழுந்தது. நடந்தார்கள். ஊர் வந்து திரும்பிப் பார்த்தால் கண்ணாயி இல்லை. மறுநாள் வளைவுக்குக் கீழே கிடந்தாள். அம்மா கூப்பிடுவதற்கு முன்பே விழுந்து உயிர் போயிருந்தது. அப்படியானால் பதில் சொன்னது யார்? இன்றுவரை அந்த மலையில் யாரும் இதை உரக்கக் கேட்பதில்லை.

அந்த வளைவில் ஒரு தடுப்புச்சுவர் வேண்டும் என்றுதான் அம்மா அரசியலுக்கே வந்தார். அதன்பிறகு எந்தக் குரலையும் நம்பியதில்லை. ரேஷன் கடையில் அரிசி வந்துவிட்டது என்றால், "மூட்டையக் காட்டுங்க" என்பார். சட்டமன்றத்தில் "ஆவன செய்யப்படும்" என்று பதில் வந்தபோது, "யாரு செய்யறாங்க? ஆளைக் காட்டுங்க" என்று எழுந்து நின்றார். சபையே சிரித்தது. அவர் உட்காரவில்லை. டீசல் போட்டாச்சும்மா என்று நான் சொன்னாலும் எட்டி முள்ளைப் பார்ப்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

போன நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கும் சமயம். இன்ஜினியர் போன் செய்தார். "சுவர் முழுசா முடிஞ்சுதுங்கம்மா."

அம்மா என்னைப் பார்த்தார். "வண்டிய எடு கண்ணு. பாத்துட்டு வந்துரலாம்."

நாங்கள் போய்ச் சேரும்போது மதியம்தான். ஆனாலும் பனி கண்ணாடியில் அப்பிக்கொண்டது. "நீ வண்டியிலயே இரு சாமி" என்று இறங்கி, சுவரைக் கையால் தடவியபடியே நடந்தார். சேலையின் நிறம் கரைந்து போயிற்று. கொஞ்ச நேரம் பார்த்தேன். கண்ணாடியை இறக்கினேன்.

"அம்மா!"

"வரேன் கண்ணு."

தெளிவாக, பக்கத்திலிருந்து வந்தது போலக் கேட்டது. நிம்மதியாகச் சாவியைத் திருகினேன். திருகிய கை அப்படியே நின்றது. குரல் வந்ததே தவிர ஆள் வரவில்லை. அவரோடு இருந்து இருந்து அவர் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டே ஓடினேன்.

ஓரிடத்தில் கைக்குச் சுவர் கிடைக்கவில்லை. ஒரு லாரி நுழையும் அளவுக்குக் கட்டாமல் விட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, மார்பு வரை பள்ளத்தில் இறங்கி, ஒரு வேரைக் கட்டிப்பிடித்தபடி அம்மா தொங்கிக்கொண்டிருந்தார். வேரில் சுற்றிய சேலைத் தலைப்பைப் பல்லால் இறுகக் கடித்திருந்தார். எப்படியோ இழுத்து மேலே போட்டேன்.

மூச்சு வாங்கி முடித்ததும் தலைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"நொம்ப நல்லதாப் போச்சு சாமி, நீ வந்தது. கூப்பிட்டது கேட்டுது. வாயத் தொறந்தாப் புடி நழுவிரும்னு பதிலே சொல்லல."

அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு பள்ளத்தைப் பார்த்தார். என்ன கேட்டது என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை.