நகு என்று கூப்பிட்டோம்

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மூன்றாவதும் பெண்ணா என்ற சலிப்பில் என் அக்காவுக்குப் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் மகளுக்காவது கேட்டாலே சந்தோஷம் வருகிற பெயர் வேண்டும் என்று அகராதியைப் புரட்டி 'இளநகை' என்று தேர்ந்தெடுத்தேன். இளம் புன்னகை என்று பொருள். கூப்பிடுவதற்கு 'நகு', அதாவது, சிரி.

நாங்கள் ஹைதராபாத்தில், அல்வாலில் இருக்கிறோம். பெயர் வைத்த அன்று ஊரிலிருந்து அக்காவும் வந்திருந்தாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி குழந்தையை வாங்கிக்கொண்டு பெயரைக் கேட்டார். "நகு" என்றேன்.

"நக்கோ? கைக்கு நக்கோ? இத்தனி பியாரி பச்சி!" என்று ஹைதராபாத் உருதுவில் பதறினார். இவ்வளவு அழகான குழந்தைக்கு ஏன் இப்படி ஒரு பெயர் என்று கேட்கிறார். அவர் பிள்ளைகள் "நக்கோ, நக்கோ" என்று குதித்தார்கள்.

"நக்கோன்னா என்னடா தம்பி?" என்றாள் அக்கா.

மென்று விழுங்கி, "வேணாம்னு அர்த்தம்க்கா" என்றேன்.

"என்னையாச்சும் போதும்னாங்க. நீ வேணாம்னே வச்சிட்டியேடா!"

ஜீடிமெட்லாவில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நானே டீக்கடையில் சர்க்கரை வேண்டாம் என்பதற்கு "ஷக்கர் நக்கோ" என்று சொல்லிக்கொண்டிருப்பவன்தான். இவ்வளவு படித்தும் அது உறைக்கவில்லையே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

இப்போது 'இளா' என்று கூப்பிடுகிறோம். இந்தத் தடவை தெருவில் நாலு பேரைச் சொல்லச்சொல்லிக் கேட்ட பிறகுதான் முடிவு செய்தேன். ஆனாலும் பிள்ளைகள் 'நக்கோ'வை விடுவதாக இல்லை. வேலைக்குக் கிளம்பும்போது யார் அப்படிக் கூப்பிட்டாலும் பைக்கை நிறுத்தி, "இளா" என்று சொல்லவைத்த பிறகே நகர்கிறேன்.