பதினொரு பேர் சொன்ன வாய்க்கால்

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதை மறைக்கிற பழக்கம் எனக்கில்லை. அந்த நாலாம் வகுப்புக்காரனுக்கு இன்றைக்கு வவுணதீவில் இரண்டு நெல் மில் இருக்கிறது. பட்டம் பெற்றவர்கள் என் மேசைக்கு முன்னால் நின்று வேலை கேட்டிருக்கிறார்கள். ஆகவே எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுக்காவிட்டாலும் எனக்கொன்றுமில்லை. எழுதப் போவது என் கடைசித் தங்கச்சியின் மகள் விதுர்ஷாவைப் பற்றி.

தகப்பன் முகம் பார்க்காத பிள்ளை. தாய் சந்தையில் மரக்கறி விற்று வளர்த்தாள். எங்கள் குடும்பத்தில் கம்பஸ், அதுதான் பல்கலைக்கழகம், அதன் வாசலை மிதித்த முதல் ஆள் விதுர்ஷாதான். எடுத்த பாடமோ சரித்திரம்.

"சரித்திரம் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறாய் மருமகள்?" என்று கேட்டேன்.

"நல்ல கிளாஸில பாஸ் பண்ணினா கம்பஸிலேயே படிப்பிக்கலாம் மாமா. கடைசி வருச ஆய்வுக் கட்டுரையிலதான் எல்லாம் இரிக்கி."

அவள் எடுத்த தலைப்பு எங்கள் வட்டைக்கு, அதாவது ஊர் வயல்வெளிக்கு, தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால். முக்கால் மைல் நீளம், எண்பத்தோராம் ஆண்டு ஆடி மாதம் மண்வெட்டியால் வெட்டியது. அதற்கு முன்பு வானம் பார்த்த வயல். வாய்க்கால் தொடங்குகிற இடத்தில் ஒரு கல் நிற்கிறது: 'நல்லரத்தினம் வெட்டுவித்தது, 1981.' நல்லரத்தினம் நான். ஒவ்வொரு வருடமும் விதைப்புக்கு முன் வட்டையில் பொங்குவோம். படையலில் முதல் பங்கு எனக்கு. அதற்குப் பிறகு மைக்கும் எனக்கு. வாய்க்கால் வெட்டின கதையைச் சொல்வேன். குறுக்கே வந்த முதலையை மண்வெட்டிப் பிடியால் அடித்துத் துரத்தியதையும் சொல்வேன். ஒன்பது அடி முதலை.

விதுர்ஷா போனில் என் பேச்சைப் பதிந்தாள். பேட்டி கொடுப்பவர் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்கவேண்டுமாம். பெரிதாக வைத்தேன். வேறு யாரைக் கேட்கலாம் என்றாள். பத்துப் பேரின் பெயரை நானே சொல்லிக்கொடுத்தேன். கட்டாருக்குப் போன என் பழைய பாஸ்போட்டையும் கொடுத்தேன். ஊரில் முதல் முதல் கட்டாருக்குப் போனவன் யார் என்று கம்பஸ்காரருக்கும் தெரியட்டுமே.

பதினொரு பேரும் ஒரே கதையைச் சொன்னார்கள். பிள்ளை துள்ளிக் குதித்தது. பதினொரு சாட்சி இருக்கையில் இனி என்ன என்று எழுதிக் கொடுத்தாள். படிப்பிக்கிற மிஸ் வாசித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்:

"பதினொரு பேரும் முதலை ஒன்பது அடி எண்டுறாங்க. அளந்தது யார்?"

மருமகள் திரும்பவும் வீடு வீடாகப் போனாள். இந்தத் தடவை கேட்டது வேறு கேள்வி. நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா, இல்லையென்றால் யார் சொல்லிக் கேட்டீர்கள்?

"பொங்கலுக்கு உன்ட மாமா மைக்கில சொல்லுவாரே கா, அதுதான்!" எல்லா வீட்டிலும் இதே பதில்.

பதினொரு சாட்சி ஒரு சாட்சியாகிவிட்டது.

அதற்குப் பிறகு வட்டையின் கடைசி வரம்போடு குடியிருக்கும் ஆச்சிப்பிள்ளையிடம் போனாள். காணாமல் போன கதிர்காமத்தம்பியின் மனைவி. பொங்கலுக்கு வருவதில்லை. நான் கொடுத்த பெயர்களில் அந்தப் பெயர் இல்லை.

"நீயாவது கேக்க வந்தியே மகள்," என்றாளாம் ஆச்சிப்பிள்ளை. "என்ட மனிசனும் அவர்ட தம்பிமாரும் வெட்டினது. இப்ப அவங்கள்ல ஒருத்தரும் இல்ல. நான்தான் சோறு கொண்டு போனன். முதலையா? ஒரு உடும்பு வந்திச்சு. கறியாக்கினோம்."

அடுத்த நாள் விதுர்ஷா மில்லுக்கு வந்தாள். பாஸ்போட்டை விரித்து மேசையில் வைத்தாள்.

"மாமா, இந்தச் சீல் எண்பத்தொண்டு பங்குனி. கட்டாருக்குள்ள போனது. திரும்பி வந்த சீல் எண்பத்திமூண்டு. வாய்க்கால் வெட்டினது எண்பத்தொண்டு ஆடி."

நான் இரண்டு கதையையும் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஒரே நாளில் சொன்னதில்லை.

"இப்ப என்ன, கல்லில இருக்கிற என்ட பேரைச் சுரண்டப் போறியா?"

"கல்லை நான் தொடல்ல மாமா. உள்ளதை எழுதோணும். நீங்க ஒரு வரி சொன்னாப் போதும்."

"ஆர்ட சோத்தைத் திண்டு வளந்தாய்?"

கேட்டிருக்கக் கூடாது. தாய் விற்ற மரக்கறியில் வளர்ந்தவள் அவள். நான் பாஸ்போட்டை எடுத்து மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன். கையெழுத்து வைத்த கடிதத்தையும் திருப்பித் தா என்றேன். தந்தாள். பாஸ்போட்டின் படம் அவள் போனில் இருந்திருக்கும். சம்மதமில்லாமல் போடக் கூடாது என்று படித்தவள், போடவில்லை. ஒப்படைக்க நாலு நாள்தான் இருந்தது. என் பேச்சும் போய், அதைக் கேட்டுச் சொன்ன பத்துப் பேரும் போய், மிஞ்சியது ஒரு கிழவியின் வாய்ச்சொல்.

கட்டுரையில் கடைசியாக எழுதியிருந்தாள்: 'இவ்வாய்க்காலை வெட்டியவர் யார் என்பதை உறுதிப்படுத்தப் போதிய சான்று கிடைக்கவில்லை.' அந்த வரியில் நானும் இல்லை, கதிர்காமத்தம்பியும் இல்லை.

கிளாஸ் கிடைக்கவில்லை. வெறும் பட்டத்தோடு இப்போது காத்தான்குடியில் அப்துல் கபூரின் புடவைக் கடையில் துணி அளக்கிறாள். இரண்டு வருடமாகிறது.

கதிர்காமத்தம்பி தொண்ணூறாம் ஆண்டு சண்டைக் காலத்தில் மில்லடியிலிருந்து சைக்கிளில் போனவர், வீடு போய்ச் சேரவில்லை. பிறகொரு நாள் வாய்க்கால் பார்க்க வந்த ஒரு அதிகாரி, இது யார் வெட்டியது என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஒருவன் என்னைக் காட்டினான். நான் இல்லை என்று சொல்லவில்லை. செய்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வருடா வருடம் தானாக வளர்ந்தது. கல் மட்டும் நானே நட்டது. இரண்டு மில்லை ஒருவர் தயவும் இல்லாமல் எழுப்பியவனுக்கு இன்னொருவரின் வாய்க்கால் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியாது.

இவ்வளவையும் கொப்பியில் எழுதி, போன கிழமை காத்தான்குடிக்குக் கொண்டுபோனேன். மருமகள் கடை மேசையில் வைத்து நின்றபடியே வாசித்தாள். நடுவில் ஒரு பெண்பிள்ளைக்குச் சட்டைத் துணி இரண்டு மீற்றர் வெட்டிக் கொடுத்தாள்.

"திகதி போடல்ல மாமா," என்றாள். "எழுதின ஆள், இடம், திகதி மூண்டும் இல்லாட்டி இது வெறும் கதை."

"போட்டுத் தாறன். உன்ட கம்பஸுக்குக் குடு."

"அது முடிஞ்சிது மாமா. ஆச்சிப்பிள்ளைட்ட கொண்டு குடுங்க."

கொப்பியை என் பக்கம் தள்ளிவிட்டு அளவுகோலை எடுத்தாள். அடுத்த ஆள் காத்து நின்றார்.

எழுதியவர்: க. நல்லரத்தினம்
இடம்: வவுணதீவு
திகதி: 2024 ஆவணி 19